12 தோல்வி, 10ஆவது இடம்: வாரியர்ஸின் 2020 சீசனை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார்:

வணக்கம். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ரக்பி லீக் ஆட்டம் பார்க்கிறவர்கள் இங்கே யாராவது உண்டா? நான் கபடிக்காரன், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ரக்பி லீக் எனக்கு ஒட்டிக்கொண்டது சித்தி பையனால்தான். அவன் ஆக்லாந்தில் இருக்கிறான், ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். தொடரில் ஆடும் நியூசிலாந்து வாரியர்ஸ் அணியின் வெறியன். போன தடவை ஊருக்கு வந்தபோது எனக்கும் ஒரு ஜெர்சி கொண்டுவந்தான். அதைப் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போனால், "எந்த கம்பெனி யூனிஃபார்ம் சார்?" என்கிறார்கள் பையன்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் 2020 சீசனில்தான் போய் நிற்பான். அந்த வருஷம் எங்கள் டீம் செய்ததை வேறு எவனும் செய்திருக்க மாட்டான் என்பான். சரி, அப்படி என்ன செய்தார்கள் என்று அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். 20 ஆட்டம், 8 வெற்றி, 12 தோல்வி. 16 அணிகளில் 10ஆவது இடம். நடுவில் கோச்சையும் தூக்கியிருக்கிறார்கள். எட்டாவதாகப் போய் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த குரோனல்லா ஷார்க்ஸே 10 ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறது. இன்னும் இரண்டு ஜெயித்திருந்தால் இவர்களும் அந்த இடத்துக்கு மல்லுக்கட்டியிருக்கலாம்.

கொரோனா எல்லோருக்கும்தானே வந்தது? 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் எங்கள் கிருஷ்ணகிரிதான். அப்படியும் கிரவுண்டைப் பூட்டினோம். திருவிழா இல்லை, அதனால் திருவிழாக் கபடியும் இல்லை. மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்த வண்டிகள் நின்றனவே, அந்த வருஷம் நான் பார்த்த கூட்டம் அது ஒன்றுதான். எங்களை யாரும் கொண்டாடவில்லை. ஒரு தொழில்முறை கிளப், சம்பளம் வாங்கி ஆடிய ஆட்கள், 12 தோல்வி. இதில் பெருமைக்கு என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனிடம் கேட்டால் சண்டைதான் வருகிறது.

---

பாலக்கோடு ரெய்டர்:

வாத்தியாரே, சித்தி பையனோடு சண்டை போடுவதற்கா இவ்வளவு புள்ளிவிவரம்! 😄

ரக்பி எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம புரோ கபடியே 2020-ல் நடக்கவில்லையே. எட்டாவது சீசனை 2021 டிசம்பரில்தான் ஆரம்பித்தார்கள். அதுவும் எல்லா அணியையும் பெங்களூரில் ஒரே ஓட்டலுக்குள் வைத்து, ஆள் இல்லாத அரங்கில். ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும் இடம், நாங்கள் டிவியில் பார்த்தோம். சொந்த ஊர், சொந்தக் கூட்டம் எதுவும் யாருக்கும் கிடையாது. அதை யாரும் தியாகம் என்று சொன்ன ஞாபகம் இல்லை.

---

தருமபுரி, முன்னாள் ஆக்லாந்து:

அண்ணா, நான் அந்த சமயம் ஆக்லாந்தில்தான் இருந்தேன். பென்ரோஸ் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, வாரியர்ஸின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானமும் அதே பென்ரோஸில்தான். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்தப் போட்டித் தொடரில் 15 அணிகள் ஆஸ்திரேலியாவில், கடல் தாண்டி இருப்பது வாரியர்ஸ் ஒன்றுதான். மார்ச் மாதம் முதல் ஆட்டத்துக்கு நியூகாசில் போனார்கள், 20-0 தோல்வி. அந்த வார இறுதியிலேயே, வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்று நியூசிலாந்து அரசு அறிவித்துவிட்டது. ஊருக்குத் திரும்பினால் அடுத்த ஆட்டம் போச்சு. அதனால் அங்கேயே தங்கி கான்பெராவோடு ஆடினார்கள், அதுவும் தோல்வி. மார்ச் 23 அன்று தொடரையே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்கு. இரண்டு நாளில் நியூசிலாந்தில் முழு ஊரடங்கு.

இப்போது பணத்தைப் பாருங்கள். இந்த கிளப்புகள் ஓடுவது பெரும்பாலும் டிவி பணத்தில். ஆட்டம் இல்லை என்றால் ஒளிபரப்பு நிறுவனம் பணம் தராது. கையிருப்பை வைத்து வருஷம் முழுக்கத் தாங்கும் நிலையில் பல கிளப்புகள் இல்லை. அதனால்தான் தொடரை நடத்தும் ரக்பி லீக் ஆணையத்தின் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் மே 28-ல் ஆரம்பித்தே தீருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் 15 அணியை வைத்து அட்டவணை போட்டால் வாரத்துக்கு ஓர் ஆட்டம் குறையும். டிவிக்காரனுக்கு விற்ற சரக்கே குறைந்துபோகும். நியூசிலாந்து டிவி பணமும் ஆட்டம் காணும். ஆக வாரியர்ஸ் வந்தாக வேண்டும். ஆஸ்திரேலிய எல்லையோ வெளிநாட்டவருக்கு மூடியிருக்கிறது.

மே 3 அன்று தனி விமானத்தில் டாம்வொர்த் போனார்கள். நாட்டுப்புற இசைக்குப் பேர்போன சின்ன ஊர், சிட்னியிலிருந்து வெகுதூரம் உள்ளே. 14 நாள் வெளியுலகம் இல்லாமல் அங்கேயே தங்கிப் பயிற்சி. விமானம் ஏறும்போது எத்தனை மாசம் என்று யாருக்கும் தெரியாது. கூட வர முடியாத மனைவி குழந்தைகளுக்கு எப்போது அனுமதி வரும் என்றும் தெரியாது. அப்புறம் சிட்னிக்கு வடக்கே டெரிகல் என்ற கடற்கரை ஊரில் ஜாகை, பக்கத்திலிருந்த காஸ்ஃபர்ட் மைதானம்தான் "சொந்த" மைதானம்.

மே 30 அன்று முதல் ஆட்டம், செயின்ட் ஜார்ஜ் டிராகன்ஸோடு. கேலரியில் ரசிகர்களுக்குப் பதில் அட்டையில் வெட்டி வைத்த படங்கள். டிவியில் கூட்டத்தின் இரைச்சலைப் பதிவு செய்து ஓட்டினார்கள். ஒருவன் பந்தைத் தவறவிட்டுத் தலையில் கை வைத்து நிற்கிறான், பின்னால் அட்டை முகங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் அறையில் ஒருவனுக்கும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் 18-0 வெற்றி. டிராகன்ஸை ஒரு புள்ளி எடுக்க விடவில்லை.

அப்புறம் ஏற்றமும் இறக்கமும்தான். பென்ரித்திடம் 26-0 தோல்வி, கவ்பாய்ஸை ஜெயித்தார்கள், சவுத் சிட்னியிடம் 40-12 உதை. மறுநாளே கோச் ஸ்டீபன் கியர்னியை அனுப்பிவிட்டார்கள். ஊரைவிட்டு வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அது சரியான முடிவா என்றால், என் கணக்கில் இல்லை. கோச்சை மாற்ற அதைவிட மோசமான நேரம் கிடைத்திருக்காது. துணை கோச் டாட் பேட்டன் பொறுப்பெடுத்ததும் மெல்பர்னிடம் 50-6 என்று ஒரு அடி வாங்கினார்கள். அவ்வளவுதான், இந்த டீம் முடிந்தது என்று நானும் டிவியை அணைத்துவிட்டேன்.

ஆனால் பேட்டன் கீழ் 14 ஆட்டத்தில் 6 ஜெயித்தார்கள். அதுவும் எப்படிப்பட்ட ஆட்களை வைத்து? ஜூலைக் கடைசியில் டேவிட் ஃபுசிடுவா, கென் மவுமாலோ போன்றவர்கள் குடும்பத்துக்காக ஊர் திரும்பினார்கள். இரண்டு பேரும் விங்கர்கள், அதாவது ஓரத்தில் ஓடி டிரை போடுகிற (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கிற) ஆட்கள். சரி, பெஞ்சில் இருக்கிறவனை இறக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கீழ்மட்டத் தொடரை அந்த வருஷம் ரத்து செய்துவிட்டார்கள், மாற்று ஆட்களுக்கு ஆட்டமே இல்லை. அதனால் வாரியர்ஸுக்காக விதியைத் தளர்த்தி, எதிர் அணிகளிடமிருந்து ஆள் கடன் வாங்க விட்டார்கள். பென்ரித்திலிருந்து ஜாக் ஹெதரிங்டன், பாராமட்டாவிலிருந்து டேனியல் அல்வாரோ, ஜார்ஜ் ஜென்னிங்ஸ், ரூஸ்டர்ஸிலிருந்து போவாசா ஃபாமவுசிலி.

எனக்குப் பிடித்த ஆட்டம் ஆகஸ்ட் 29. தங்களுக்கு இடம் கொடுத்த டாம்வொர்த்துக்கே ஒரு "சொந்த மைதான" ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். எதிரே, மார்ச்சில் 20-0 என்று அடித்த அதே நியூகாசில். 36-6 வெற்றி. உங்கள் சித்தி பையன் எதைச் சொல்கிறான் என்று தெரிய வேண்டுமா, அந்த ஒரு ஆட்டத்தைப் பாருங்கள்.

---

ஓசூர், மெல்பர்ன் ஷிஃப்ட்:

பெங்களூரில் வேலை, கிளையன்ட் மெல்பர்னில். அதனால் நான் அந்த ஊர் அணியான ஸ்டார்மின் ஆள். தருமபுரி நண்பர் எழுதியது எல்லாம் உண்மை, ஆனால் ஒரு பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

மெல்பர்ன் ஸ்டார்மும் அந்த வருஷம் ஊரைவிட்டு வெளியேறிய டீம்தான். விக்டோரியாவில் இரண்டாவது அலை கிளம்பியதும் ஜூன் கடைசியில் மூட்டை கட்டி குவீன்ஸ்லாந்தின் சன்ஷைன் கோஸ்ட் போனார்கள். கடைசி வரை வீடு திரும்பவில்லை. அக்டோபர் 25 இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்து வந்திருந்த பென்ரித்தை 26-20 என்று சாய்த்துக் கோப்பையை எடுத்தார்கள். அணித் தலைவர், 37 வயது கேமரன் ஸ்மித்துக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

ஊர் விட்டுப் போனதுதான் தோல்விக்குக் காரணம் என்றால் இது எப்படி? கிரெய்க் பெல்லமி மாதிரி கோச்சும், வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடும் கூட்டமும் இருந்தால் எங்கே தூங்கினாலும் ஜெயிக்கலாம். வாரியர்ஸ் 2019-லும் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. அதையும் கொரோனா கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

---

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார்:

ஓசூர்த் தம்பி கேட்பது நியாயமாக இருக்கிறதே. தருமபுரி தம்பி என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. அந்த வருஷம் நடுவில் விதியையே மாற்றினார்கள் என்று எங்கோ படித்தேன். அது யாருக்கு சாதகம்?

---

தருமபுரி, முன்னாள் ஆக்லாந்து:

ஸ்டார்ம் பெரிய டீம், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போனது சொந்த நாட்டுக்குள். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டே போய்க் குடியேறினார்கள். வாரியர்ஸ் ஆள் ஒருவன் ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க நினைத்தால், அங்கே 14 நாள் தனிமை, திரும்ப வர ஆஸ்திரேலியாவின் விலக்கு அனுமதி, வந்தால் ஆஸ்திரேலியாவிலும் தனிமை. போனால் சீசன் முடிந்தது என்றுதான் அர்த்தம். போனவர்கள் அது தெரிந்தேதான் போனார்கள். நானும் அப்போது விமானத்துக்காகப் பதிவு செய்துவிட்டு மாசக்கணக்கில் காத்துக் கிடந்தவன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2019 பற்றிச் சொன்னது சரி. கொரோனா இல்லாவிட்டால் கோப்பை அடித்திருப்பார்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவர்கள் போகாவிட்டால் அட்டவணையே வேறு மாதிரி இருந்திருக்கும், ஸ்டார்ம் அடித்த கோப்பைக்கும் அது பொருந்தும் என்கிறேன்.

வாத்தியார் கேட்ட விதி: மே 28-ல் திரும்ப ஆரம்பித்தபோது இரண்டு நடுவர்கள் என்றிருந்ததை ஒரே நடுவர் என்று மாற்றினார்கள். கூடவே "சிக்ஸ் அகெய்ன்". பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (எதிரணி ஆளைப் பிடித்து மடக்குவது) வரை வாய்ப்பு, அதற்குள் டிரை போட வேண்டும். விழுந்தவனை எழவிடாமல் எதிரணி அமுக்கிப் பிடித்தால் முன்பு விசில் அடித்து பெனால்டி கொடுப்பார்கள், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இப்போது ஆட்டத்தை நிறுத்தாமல் எண்ணிக்கையை மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். தடுக்கிற அணிக்கு நாக்குத் தள்ளிவிடும். பெஞ்சு பலமான டீமுக்கு லாபம். ஆள் பற்றாக்குறையில் கடன் வாங்கி ஆடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

---

ஊத்தங்கரை, ஹடர்ஸ்ஃபீல்டில் படித்தவன்:

இதே வருஷம் இங்கிலாந்து சூப்பர் லீகில் நடந்ததைப் பார்த்தால் வாரியர்ஸ் விஷயம் இன்னும் புரியும். அங்கேயும் கடல் தாண்டி ஒரு டீம் இருந்தது: கனடாவின் டொரன்டோ வுல்ஃப்பேக். 2020-ல்தான் முதல்முறையாக மேல் பிரிவுக்கு வந்தார்கள், நியூசிலாந்து ரக்பி நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸை எல்லாம் எடுத்தார்கள். குளிர்காலம் என்பதால் ஆரம்ப ஆட்டங்கள் எல்லாம் வெளியூர். லீக் ஆட்டம் ஆறும் தோல்வி. ஆனால் சேலஞ்ச் கோப்பையில் எங்கள் ஹடர்ஸ்ஃபீல்டை 18-0 என்று அடித்துவிட்டுப் போனார்கள், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

மார்ச் நடுவில் தொடர் நின்றது. திரும்ப ஆகஸ்ட் 2 அன்று ஆரம்பிக்க இருந்த நேரத்தில், ஜூலை 20-ல் டொரன்டோ விலகிவிட்டது. ஜூன் சம்பளமே வரவில்லை என்று வீரர்கள் நின்றார்கள். சூப்பர் லீகில் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே கதை முடிந்தது. ஆடியவற்றின் முடிவுகளையும் அட்டவணையிலிருந்து அழித்தார்கள். அடுத்த வருஷம் திரும்ப வருகிறோம் என்று கேட்டபோது மற்ற கிளப்புகள் வாக்களித்து மறுத்துவிட்டன.

டொரன்டோ போனபிறகும் அங்கே லீக் ஓடியது, செயின்ட் ஹெலன்ஸ் கோப்பை எடுத்தது. ஆனால் எல்லோராலும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டம் ஆட முடியாமல், வெற்றி சதவீதம் பார்த்து வரிசைப்படுத்தினார்கள்.

---

பாலக்கோடு ரெய்டர்:

அப்போ வாரியர்ஸ் எப்போதான் வீடு திரும்பினாங்க?

---

தருமபுரி, முன்னாள் ஆக்லாந்து:

2022 ஜூலை 3. 2021-லும் நடுவில் திரும்பிவிடலாம் என்று இருந்தார்கள், அதற்குள் சிட்னியில் தொற்று பரவி தொடரையே குவீன்ஸ்லாந்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. கடைசியில் மவுண்ட் ஸ்மார்ட்டில் கால் வைத்த அன்று வெஸ்ட்ஸ் டைகர்ஸை 22-2 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனில் 15ஆவது இடம். அதை ஓசூர் நண்பர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

---

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. டாம்வொர்த் ஆட்டத்தின் சுருக்கத்தை யூடியூபில் தேடிப் பார்த்தேன், நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். 12 தோல்வி 12 தோல்விதான், அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் சித்தி பையனிடம் இனி அட்டவணையை நீட்ட மாட்டேன்.

எனக்குப் பிடித்துப்போனது ஆள் கடன் வாங்கும் ஏற்பாடுதான். பொங்கல் கபடியில் வருஷா வருஷம் இரண்டு டீமாவது ஆள் பத்தாமல் கடைசி நேரத்தில் வாக் ஓவர் கொடுக்கிறது. பெங்களூர் வேலைக்குப் போன பையனுக்கு லீவு கிடைக்காது, அவ்வளவுதான் காரணம். அந்த மாதிரி டீமுக்குப் பக்கத்து ஊர் ஒரு ஆளைக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பார்க்கப்போகிறேன்.

---

பாலக்கோடு ரெய்டர்:

கொடுத்த ஆளே சொந்த ஊரை எதிர்த்து ரெய்டு போக வேண்டி வந்தால்?

---

காவேரிப்பட்டணம் பி.டி. வாத்தியார்:

அன்றைக்கு ஒரு ஆட்டம் மட்டும் வெளியே உட்கார வேண்டியதுதான். இதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் ஆரம்பிக்க மாட்டேன், இல்லாவிட்டால் மைக் செட்டுக்காரன் முதற்கொண்டு அடிதடியில் இறங்கிவிடுவான்.