தையல் போட்டபின் முதல் தடவை வெளிக்குப் போன அனுபவம்

மாயவரத்துக்காரி:

குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. தையல் போட்ட இடம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பிள்ளை, சுகப்பிரசவம், பிள்ளை வரும் வழியை வலப்பக்கமாக வெட்டித் தையல். எத்தனை தையல் என்று கேட்டதற்கு, அதையெல்லாம் எண்ணக்கூடாது என்றார் சிஸ்டர். மரப்பு ஊசி கடைசி இரண்டு குத்துக்குப் போதவில்லை. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு. வீட்டுக்கு வந்தவுடன் பத்தியம் ஆரம்பித்தது. பூண்டுக்குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, நாள் முழுவதற்கும் ஒரே ஒரு செம்பு வெந்நீர். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்பது அத்தையின் கணக்கு. மருத்துவமனையில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வேறு. ஐந்து நாள் ஒன்றும் போகவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலையில் வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. உட்கார்ந்ததுமே தையல் இழுத்தது. பழைய தலையணை உறை தையல் விட்டுப் பஞ்சு பிதுங்குமே, அதுதான் கண்முன் நின்றது. ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் ஒரு துணியை மடித்துத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகப் போனது. வெளியே குழந்தை அழுகிறது, உள்ளே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைகிறது. அம்மா கதவைத் தட்டி "முக்காதே, முக்காதே" என்கிறாள். முக்காமல் எப்படி அம்மா?

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தால் அப்பா உட்பட மூன்று பேர் கூடத்தில் நிற்கிறார்கள். அன்று மாலை பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, "போய்விட்டதாமே, நல்லது" என்றாள். பிள்ளை பிறந்ததற்குக்கூட அவள் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பேசவில்லை.

உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

இரட்டைச்சுழி:

அந்த ஒரு செம்பு வெந்நீர் எங்கள் வீட்டிலும் உண்டு. நான் திருடிக் குடித்தேன். இரவு இரண்டு மணிக்குக் குளியலறைக்குப் போய், பல் துலக்கும் குழாயைச் சத்தம் வராமல் நூல்போலத் திறந்து, குளிக்கும் குவளையில் பிடித்துக் குடித்தேன். சோப்பு வாசனையோடு இருந்தது. அதைவிட ருசியான தண்ணீரை இதுவரை குடித்ததில்லை. நான்காம் நாள் ஆச்சி கண்டுபிடித்துவிட்டாள், குவளை வெளியில் ஈரமாக இருந்ததாம். காவல்துறையில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

நாலு பெற்றவள்:

தண்ணீர் கொடுக்காததைப் பெரிய கொடுமைபோல எழுதியிருக்கிறீர்கள். நான் நான்கு பெற்றேன், நான்கும் வீட்டில்தான். மருத்துவச்சி வந்து பார்த்தாள். வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பெரிய தலை, நன்றாகவே கிழிந்தது. வெந்நீரை வாரி வாரி இடுப்பில் அடித்து ஊற்றினார்கள், வயிற்றை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள், பேறுகால மருந்து உருட்டிக் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் வயலுக்குப் போய்விட்டேன். இருமினாலும் தும்மினாலும் கொஞ்சம் சிறுநீர் வந்துவிடும், அவ்வளவுதான். அது பெற்றவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதானே. இந்தக் காலத்தில் ஒரு தையலுக்கு இத்தனை பேச்சு.

தஞ்சைத் தகப்பன்:

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

மனைவியால் உட்கார முடியவில்லை. ஒருக்களித்து அரை நிமிடம், பிறகு எழுந்து நிற்பாள். பால் கொடுப்பதும் நின்றுகொண்டேதான். நடுவில் ஓட்டை உள்ள காற்றுத் தலையணை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மருந்துக்கடை நான்கு ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பொம்மைக் கடையில் பிள்ளைகள் நீச்சலுக்குப் போடும் வளையம் கண்ணில் பட்டது. மஞ்சள் நிறம், முன்னால் வாத்துத் தலை. வாங்கி வந்து வாயால் ஊதினேன். அவள் அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தாள், வாத்தைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தையல் வலிக்கிறது. வலித்ததும் அழுகை. அழுதுகொண்டே சிரிப்பு. என்னை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று, எது சிரிப்பு எது அழுகை என்று பிரிக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாத்து இன்னும் பரண்மேல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி:

முப்பது ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். எனக்கும் ஒரு நாள் மறக்கவில்லை. பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள், ஒரு வீட்டுக்குப் போனால் பெண்ணைக் காணவில்லை. கொல்லையில் தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு, அதற்குமேல் கால் அகட்டி நிற்க வைத்திருக்கிறார்கள், புண் காய வேண்டுமாம். நான் பார்த்த நேரத்தில் தொடையின் உட்புறம் கொப்புளம் கண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சேலையை இறக்கினாள். சேலை தணலில் பட்டது. நல்லவேளை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

மேலே எழுதியிருக்கும் நாலு பெற்ற அம்மாவுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் வயிறு உள்ளே போகாது, மலம்தான் கல்லாகும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கிற அளவுக்குக் கொடுக்க வேண்டும். முக்க முக்கத் தையலுக்குத்தான் ஆபத்து. கீரை, பழம், அதுவும் போதாவிட்டால் இசப்கோல் அல்லது மருத்துவர் எழுதித் தரும் லாக்டுலோஸ் சிரப். மாயவரத்துப் பெண் துணியை வைத்து அழுத்தினாளே, அது சரியான முறை. எங்கள் பயிற்சியிலும் அதையே சொல்லித் தருவார்கள். குத்தவைக்க முடியாவிட்டால் அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலியைக் கழிப்பறைமேல் போட்டுக்கொள்ளலாம்.

முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் வீக்கம் குறையும். அதற்குப் பிறகு அகன்ற பேசினில் வெதுவெதுப்பான நீர் நிரப்பிப் பத்து நிமிடம் உட்காரலாம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. வெதுவெதுப்பு என்றால் வெதுவெதுப்பு, முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக்கூடாது. சிறுநீர் எரிந்தால், போகும்போதே ஒரு குவளை நீரை முன்னாலிருந்து ஊற்றிக்கொண்டே போக வேண்டும். கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக. பேட் நனையாவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மஞ்சள்தூள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதையும் புண்ணில் வைக்க வேண்டாம். நூல் பெரும்பாலும் தானே கரையும் வகைதான், சில வாரங்களில் துணுக்குத் துணுக்காகப் பேடில் விழும், பயப்பட வேண்டாம். நாற்றம், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் வெள்ளிக்கிழமை என்று தள்ளிப்போடக்கூடாது.

வெட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் முதல் பிரசவம் என்றாலே வெட்டு என்று இருந்தது, நானும் அப்படித்தான் கற்றேன். எல்லோருக்கும் வழக்கமாக வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது. குழந்தைக்கு மூச்சுத் திணறும்போதும் கருவி போட்டு எடுக்கும்போதும் தேவைப்படலாம். முக்கும் கட்டத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒற்றிக்கொண்டிருந்தால் பெரிய கிழிசல்கள் குறைகின்றன. பாட்டிமார் வெந்நீரை நம்பியதில் தப்பில்லை, ஊற்றிய நேரமும் சூடும்தான் தப்பு.

தஞ்சைத் தகப்பனே, வளையத்தில் அதிக நேரம் உட்கார வைக்க வேண்டாம். நடுப்பகுதி தொங்கி, தையல் இழுபடும். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, இருமினால் சிறுநீர் வருவது பலருக்கு உண்டு, அதற்காக அது அப்படியே இருக்க வேண்டியது அல்ல.

தஞ்சைத் தகப்பன்:

அம்மா, அது மூன்று வருடத்துக்கு முன்பு. இப்போது சொல்கிறீர்கள்.

வேம்படி:

இதில் சிசேரியன் செய்தவர்கள் எழுதலாமா? எனக்கும் தையல்தான், வயிற்றில். உங்களுக்காவது எழுந்து நடக்க முடிந்தது.

இரட்டைச்சுழி:

எழுந்து நடந்தோம், சரி. உட்கார்ந்தோமா என்று கேளுங்கள். யாருக்கு அதிக வலி என்று ஆரம்பித்தால் இந்தப் பேச்சு இன்றைக்கு முடியாது. வேம்படி, தனியாக எழுதுங்கள், வந்து படிக்கிறேன்.

வடலி, யாழ்ப்பாணம்:

அந்த மஞ்சள்தூள் என் கதை.

அம்மம்மா வேது வைத்துக் குளிக்க வார்த்தார். நொச்சி, ஆடாதோடை எல்லாம் அவித்த நீர், அது உடம்புக்குச் சுகமாகத்தான் இருந்தது. சரக்குக் கறியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் குளித்த பிறகு தையலில் மஞ்சள்தூள் தூவுவார். ஆறாம் நாளில் இருந்து ஒரு மணம். பிள்ளையின் துணி என்று நினைத்தேன். பாலாக்கும் என்று நினைத்தேன். என் உடம்பில் இருந்து என்று நினைக்க மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

எட்டாம் நாள் மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுத்தார், தொப்புளைப் பார்த்தார், புத்தகத்தில் எழுதினார். போகப் புறப்பட்டவர் வாசலில் நின்று, "உங்களை ஒருக்கால் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து கட்டிலடியில் முழந்தாளிட்டுக் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு என் முழங்காலில் கை வைத்து, "பிள்ளை, தையல் விட்டுவிட்டது" என்றார்.

வைத்தியசாலையில் கிருமித்தொற்று என்று மருந்து தந்தார்கள். திரும்பத் தைக்கவில்லை. சுத்தமாக வைத்திருந்தால் அடியில் இருந்து சதை வளர்ந்து தானே மூடும் என்றார்கள். நம்பவில்லை, ஆனால் மூடியது. ஐந்து கிழமைக்கு மேல் எடுத்தது. வலி எல்லாம் மறந்துவிட்டது. அந்த வெளிச்சமும், அவர் ஒன்றும் பேசாமல் இருந்த நேரமும் மறக்கவில்லை.

அம்மம்மாவிடம் மஞ்சளைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை.

கூடுவாஞ்சேரி:

இதை எங்கும் சொன்னதில்லை. எனக்குக் கிழிசல் ஆசனவாய்த் தசை வரைக்கும் போய்விட்டது. மூன்றாம் நிலை என்றார்கள், அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். புண் ஆறியது, காற்றுதான் நிற்கவில்லை. வருவதும் தெரியாது, அடக்கவும் முடியாது.

பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாள். பட்டுப்புடவை, மடியில் பிள்ளை, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மாமனார் குனிந்து பிள்ளையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை சொல்லும்போது எனக்குச் சத்தத்தோடு போய்விட்டது. ஒரு கணம் யாரும் அசையவில்லை. நான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டி, "வயிறு சரியில்லை பாவம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

மறுநாள் அவளே வந்து, தனக்கும் இப்படி இருந்தது என்று சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிக்கொண்டு போனாள். சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து விடுகிற பயிற்சி. கேகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இலேயே எழுதி வைத்ததாம். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூச்சை அடக்கக்கூடாது, தொடையை இறுக்கக்கூடாது. முதல் மாதம் ஒரு வித்தியாசமும் இல்லை, விட்டுவிடலாம் என்று இருந்தேன். நான்காம் மாதம் பேருந்தில் தும்மினேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் நான் ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று பார்த்தார்.

என் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. பெயர் வைத்த காணொளியை அடிக்கடி போடச் சொல்கிறான். அந்த இடம் வரும்போது, "நான் அப்பவே வயிறு சரியில்லாத பாப்பாவா?" என்று கேட்கிறான். ஆமாம் என்கிறேன்.

நாலு பெற்றவள்:

பேத்தி வேலைக்குப் போனபிறகு எழுதுகிறேன். அந்த எட்டுத் தடவைப் பயிற்சியை எந்த வயது வரைக்கும் செய்யலாம்? எனக்கு 68.

ஓய்வுபெற்ற செவிலி:

எந்த வயதிலும் செய்யலாம், மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அதற்குமுன் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்றாவது பிள்ளைக்குக் கிழிந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாலு பெற்றவள்:

பிள்ளைகளிடம் என்னவென்று சொல்லிவிட்டுப் போவது?

மாயவரத்துக்காரி:

சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் அம்மா. போகும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.