மொய்க்கு க்யூஆர் வைக்கலாமா?

குழு: பெரிய வீடு

பாண்டி: ஞாயிறு காதுகுத்துக்கு மொய் மேசையில் க்யூஆர் அட்டை வைக்கலாம் என்று இருக்கிறேன். நோட்டும் பக்கத்திலேயே இருக்கும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா

முத்து: மச்சான் கிடா இரண்டா மூன்றா

ராஜி: வைக்கட்டும். இப்போது கையில் காசோடு யார் வருகிறார்கள்

கார்த்தி: அண்ணே ஒரு சந்தேகம். ஆபீசில் இந்த மாதச் சாப்பாட்டுப் படியை இ-ரூபாயாகப் போட்டிருக்கிறார்கள், 3,000. அதை மொய்யாகச் செய்யலாமா? நேற்று பாப்பாவுக்குக் கொலுசு எடுத்துவிட்டு அதில் ஸ்கேன் செய்தேன், போகவில்லை. உணவுக்கு மட்டும் என்று வந்து நின்றுவிட்டது. பின்னால் நாலு பேர் வரிசையில். கடைக்காரர் கொலுசை மறுபடி டப்பாவில் வைத்துவிட்டார்

மீனா: அது என்னடா பணம், மாமியார் மாதிரி

ராஜி: 😂😂

செல்வம்: கார்த்தி, பொறுமையாகப் படி. ஜிபேயில் போவது வங்கிக் கணக்கில் கிடக்கிற பணம், அதாவது வங்கி உனக்குத் தர வேண்டிய கடன். இ-ரூபாய் அப்படி இல்லை, அது ரிசர்வ் வங்கியே வெளியிடுகிற பணம், சட்டைப்பையில் இருக்கும் நூறு ரூபாய்த் தாள் மாதிரி. 2022 நிதிச் சட்டத்தில் 1934ஆம் வருஷத்து ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, பேங்க் நோட்டு என்றால் காகிதமும் உண்டு டிஜிட்டலும் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1, மும்பை டெல்லி பெங்களூரு புவனேஸ்வர். வட்டி கிடையாது. மீதி அடுத்த செய்தியில்

பாண்டி: சித்தப்பா, அட்டை வைக்கலாமா வேண்டாமா

செல்வம்: வருகிறேன். கார்த்திக்குப் போகாததற்குக் காரணம், அந்தப் பணத்தில் நிபந்தனை எழுதியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது, இன்ன காரியத்துக்கு, இத்தனை நாளுக்குள், இந்த ஊருக்குள் என்று பணத்திலேயே நிரல் வைக்கலாம் என்று. நல்லதுதான். உரத்துக்குக் கொடுக்கிற மானியம் உரத்துக்கே போகும், டாஸ்மாக்குக்குப் போகாது.

முத்து: கிடா

தேவி: சித்தப்பா, இன்றைக்கு உரம். நாளைக்கு என்ன எழுதுவார்கள் என்பதுதான் கேள்வி. சீனாவில் 2020 அக்டோபரில் ஷென்செனில் குலுக்கல் போட்டு 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டல் பணம் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் செலவழிக்காதவர்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காலாவதி தேதி போட்ட பணம்

ராஜி: மாத்திரை மாதிரி

செல்வம்: அது இலவசமாகக் கொடுத்தது தேவி. உன் சம்பளத்தில் யாரும் தேதி போடவில்லை. செய்ய முடியும் என்பதும் செய்கிறார்கள் என்பதும் ஒன்றில்லை. நோட்டு போகப்போவதும் இல்லை, அதோடு கூடத்தான் இது. 2022 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கருத்துருவிலேயே சின்னத் தொகைக்கு ரொக்கம் மாதிரி ஓரளவு பெயர் தெரியாமல் இருக்கும் என்று போட்டிருக்கிறது.

தேவி: படித்தேன். கருத்துருவில் இருக்கிறது, சட்டத்தில் எங்கே இருக்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் 2017இல் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு தன் அமைப்புகளுக்கே விலக்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு. கனடாவில் 2022இல் லாரிக்காரர்கள் போராட்டத்தின்போது கோர்ட் உத்தரவு இல்லாமலே வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். அது சாதாரண வங்கிக் கணக்கு, டிஜிட்டல் பணம்கூட இல்லை. அவசரநிலைச் சட்டத்தைப் போட்டதே தவறு என்று நீதிமன்றம் சொல்ல 2024 ஆனது. அதுவரை வீட்டு வாடகைக்கு என்ன செய்வது?

பாண்டி: தேவி, காதுகுத்து தங்கச்சி

கார்த்தி: ஜிபேயிலும் எல்லாம் தெரியத்தானே செய்யும்

தேவி: தெரியும்தான். அதனால்தான் நோட்டும் இருக்க வேண்டும் என்கிறேன்

மீனா: நான் ஒன்று சொல்லவா. 2016இல் அம்மா அரிசிப் பானைக்குள் மஞ்சள் துணியில் முடிந்து 22 ஆயிரம் வைத்திருந்தார்கள். எல்லாம் ஆயிரமும் ஐநூறும். நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று டிவியில் சொன்னதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்கள், துணியில் நெல் வாசம். மாற்ற வழியில்லை என்பதால்தான் உங்களுக்கெல்லாம் தெரிந்தது. அதுவரைக்கும் அது அம்மா பணம். அடுத்த வாரம் அது செல்வத்தின் பைக்குக்கு முன்பணம்.

செல்வம்: அக்கா, திருப்பிக் கொடுத்துவிட்டேன்

மீனா: எப்போது

செல்வம்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி: ஐயோ 🙈

முத்து: பைக் கறுப்புதானே

பாண்டி: அத்தை, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். மொய்க்கு வாருங்கள். க்யூஆர் வைத்தால் என் கணக்கில் ஒரே நாளில் அத்தனை பேரிடமிருந்தும் வந்து விழும், வரி நோட்டீஸ் ஏதும் வருமா?

செல்வம்: அது தனி விஷயம். கல்யாணப் பரிசுக்கு விலக்கு உண்டு. காதுகுத்துக்கு அது கிடையாது. உறவினர் கொடுத்தால் வரி இல்லை, ஆனால் உறவினர் யார் என்பதைச் சட்டம் வைத்திருக்கிற அளவு வேறு, மீதிப் பேர் கொடுத்தது வருஷத்துக்கு மொத்தம் 50,000 தாண்டினால் அது உன் வருமானம். நோட்டில் வாங்கினாலும் சட்டம் அதேதான்

பாண்டி: அப்போ பங்காளி உறவினரா இல்லையா

மீனா: அதை முதலில் பங்காளிகளிடம் கேள்

தேவி: 😂

மீனா: இன்னொன்று. கார்த்தி கல்யாணத்துக்கு நான் செய்தது 5,001. மொய் நோட்டில் 501 என்று இருக்கிறது. எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பேங்கில் 31 வருஷம் இருந்த கை.

செல்வம்: அக்கா அன்றைக்குக் கரண்ட் இல்லை

கார்த்தி: அத்தை, எங்கள் அம்மா அந்த 501ஐப் பார்த்துத்தான் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு 1,001 திருப்பிச் செய்தார்கள் 😭

மீனா: தெரியும்

ராஜி: இதனால்தான் சொல்கிறேன், க்யூஆர் என்றால் தொகை தப்பாது

தேவி: தப்பாது மதினி, ஆனால் நோட்டு உங்கள் பீரோவில் இருக்கும். அது எங்கே இருக்கும்?

ராஜி: பீரோ சாவி உன் அண்ணனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை

பாண்டி: சரி சரி. அட்டையும் வைக்கிறேன், நோட்டும் வைக்கிறேன். எழுதுவது யார் என்று சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். மைக்கில் தொகையைச் சொல்வதா வேண்டாமா என்பதும்

மீனா: என் தொகையைச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லட்டும். பூஜ்ஜியத்தோடு.

கார்த்தி: என் 3,000?

செல்வம்: சமையல்காரர் இ-ரூபாய் வாங்குவாரா என்று கேள். யூபிஐ க்யூஆரிலேயே அதையும் ஸ்கேன் செய்யலாம். ஆனால் அவர் கடையை உணவு என்று பதிந்திருக்க வேண்டும். அதில் ஒரு விவரம் இருக்கிறது, சொல்கிறேன்

பாண்டி: வேண்டாம் சித்தப்பா

முத்து: மச்சான் ஆட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். ரொக்கம்தான் வாங்குவாராம். இரண்டா மூன்றா