'வூ வெய்': செயலின்மையா, முரணாவினையா?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

பண்டைச் சீன மெய்யியலாகிய தாவோ நெறியின் மையச் சொல் 'வூ வெய்'. அதற்குத் தமிழில் தாங்கள் முன்வைத்த 'செயலின்மை' சொல்லுக்குச் சொல் பொருந்துவதே. 'வூ' இன்மையையும் 'வெய்' செய்தலையும் குறிக்கின்றன. ஆயினும் நாம் சொல் தேடுவது ஜோசப் நீடம் பற்றிய கட்டுரைக்காக என்பதால், அவர் அச்சொல்லை எவ்வாறு உணர்ந்தார் என்பதையும் கருதும்படி வேண்டுகிறேன்.

கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலாளராக இருந்த நீடம், 1937இல் அங்கு ஆய்வுக்கு வந்த லூ குவெய்-ஜென் முதலிய சீன ஆய்வாளர்களின் நட்பால் சீனமொழி கற்கத் தொடங்கி, 1943 முதல் 1946 வரை போர்க்காலச் சீனத்தில் பணியாற்றி, சீன அறிவியல் வரலாற்றின் முதல் தொகுதியை 1954இல் வெளியிட்டார். பெயர்பெற்ற அறிவியலாளர் ஒருவர் நடுவயதில் வாழ்க்கைப் பணியையே மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பண்பாடு அவரை ஈர்த்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1956இல் வந்த இரண்டாம் தொகுதியில், 'வூ வெய்' என்பது சோம்பிக் கிடத்தல் அன்று, இயற்கைக்கு மாறான செயலைத் தவிர்த்தலே என்று அவர் விளக்கினார். தாவோ நெறியாளரின் அறிவியல் பங்களிப்பை அவர் மிகைப்படுத்தினார் என்று பிற்காலச் சீனவியலாளர் சிலர் மறுத்ததுண்டு. அதில் நியாயம் இருப்பினும், இந்தச் சொல்லளவில் நான் நீடம் பக்கமே நிற்கிறேன்.

தாவோ நெறியின் பண்டை நூல்களுள் ஒன்றான 'சுவாங் சு'வில் வரும் சமையற்காரர் திங்கை எண்ணிப் பாருங்கள். மாடறுக்கும்போது சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தியும் தேர்ந்தவர் ஆண்டுக்கு ஒரு கத்தியும் மாற்ற, மூட்டுகளின் இடைவெளி அறிந்து அதன் வழியே செலுத்தும் திங்கின் கத்தியோ, 19 ஆண்டுகள் கழிந்தும் இப்போதுதான் சாணை பிடித்ததுபோல் இருக்கிறது. சிக்கலான கணு எதிர்ப்பட்டால் அவர் கையை நிதானப்படுத்திக் கண்ணை ஊன்றுகிறார். செயல் அங்கே நிறைந்திருக்கிறது, இல்லாதது முரண்தான். சீனத்தின் சிச்சுவான் பகுதியில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் லீ பிங் அமைத்த துஜியாங்யான் பாசனமும் இத்தகையதே: 'மின்' என்னும் ஆற்றை அணைகட்டி மறிக்காமல், ஆற்றிடையே மீன்வாய் வடிவில் கரையமைத்து நீரைப் பிரித்தார்கள், ஆற்றுப்படுகையை ஆழமாகத் தூர்வார வேண்டும், தடுப்பைத் தாழ்வாகக் கட்ட வேண்டும் என்பது அங்கே வழிவழியாக வந்த விதி. அந்த உழைப்பைச் 'செயலின்மை' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நண்பர் ஒருவர் பரிந்துரைத்த 'சும்மா இருத்தல்' அழகியது. ஆனால் நம் சைவ மரபில் அது மனம் அடங்கிய நிலைக்கே உரியதாகிவிட்டது. கத்தி பிடித்த கைக்கு அது பொருந்தாது.

ஆகவே 'முரணாவினை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'வாடாமலர்' போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தால் அமைந்த இதில் மூலத்தின் எதிர்மறையும் செயலும் சேர்ந்தே நிற்கின்றன. 'முரணாவினை ஆட்சி' என்று தொடர் அமைக்கவும் இடம் தருகிறது. 'வினை' என்றதும் ஊழ்வினை நினைவுக்கு வரும் என்பீர்கள். 'வினைத்திட்பம்' என்று வள்ளுவர் அதிகாரம் வகுத்த பொருளிலேயே இதனைக் கொள்கிறேன்.

ஓர் இழப்பை மறைக்க விரும்பவில்லை. தாவோ நெறியின் மூலவராகக் கருதப்படும் லாவோ சுவின் நூலில் 63ஆம் இயலைத் தொடங்கும் 'வெய் வூ வெய்' என்பதைச் 'செய்யாமையைச் செய்' என்றால் அம்முரணின் சுவை அப்படியே கிடைக்கிறது. 'முரணாவினை ஆற்று' என்றால் அது கரைந்துபோகிறது. மேற்கோள் வரும் அந்த ஓரிடத்தில் மட்டும் 'செய்யாமை' என்றே எழுதி அடிக்குறிப்பு தரலாமா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.