வீட்டு ஷெட்டில் கிட் விமானம்: நண்பர்களின் கைகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ராமமூர்த்தி நகர்க்காரன்

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் பத்தடி அகலமும் இருபத்தாறு அடி நீளமும் கொண்ட கார் ஷெட் ஒன்று உள்ளது. அதில் இருவர் அமரக்கூடிய அலுமினிய கிட் விமானம் (பாகங்களாகப் பெட்டியில் வந்து, நாமே கட்டிக்கொள்வது) ஒன்றைக் கட்ட வேண்டும் என்ற ஆசை மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை. காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ள வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. அதற்கு ஈடாக மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய சாமான்கள் அனைத்தையும் நான் ஒழித்துக் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் எங்கள் குழுவில் மூன்று நண்பர்கள் உடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். மற்றவர் என்னைப் போல மென்பொருள் துறையில் இருப்பவர். நால்வருமே பால்சா மரத்தை ஒட்டிப் பழகியவர்கள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இத்தகைய விமானத்துக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு தேவைப்படும் என்று படித்தேன். நால்வர் சேர்ந்தால் அதை ஐந்நூறு மணியில் முடித்துவிடலாம் என்று நாங்கள் போடும் கணக்கு சரியா? அனுபவமில்லாத நண்பர்களிடம் எந்த வேலையைத் துணிந்து ஒப்படைக்கலாம், எதை நானே வைத்துக்கொள்ள வேண்டும்? கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நாங்கள் கவனிக்கத் தவறியது ஏதேனும் உண்டா?

பதில்: பழைய ஃபிட்டர்

தம்பி, உங்கள் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுப்பைச் சுற்றி நான்கு பேர் நின்றால் சோறு கால்வாசி நேரத்தில் வெந்துவிடுவதில்லை. ஒரு விமானத் தொழிற்சாலையின் தகட்டு வேலைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த ரிவெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரிவெட் அடிப்பது பெரும்பாலான இடங்களில் இரண்டு பேர் வேலை. வெளியில் ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவெட்டின் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே ஒருவர் பக்கிங் பார் எனப்படும் கனமான எஃகுக் கட்டியை அதன் வாலில் அணைத்துப் பிடிப்பார். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆகவே உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டிப் பேசுவார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் நன்றாக அமைந்துவிட்டது, மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, கழற்று என்று பொருள். விமானத் தொழிலில் இது பழைய வழக்கம். உங்கள் நால்வரில் எந்த இருவர் ஒருவர் தட்டை மற்றவர் புரிந்துகொண்டு அடிக்கிறார்களோ, அந்த இருவரைக் கடைசிவரை மாற்ற வேண்டாம்.

அடித்து முடித்த வால் பக்கத்தின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் அந்த விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு ஏறத்தாழ 4.8 அகலமும் 1.6 உயரமும் வரும். இந்த இரண்டு அளவுகளையும் காட்டும் ஒரு சிறிய எஃகு அளவியைப் பீன்யா நண்பர் ஒரு மணி நேரத்தில் செய்து தந்துவிடுவார். கண்ணளவு முதல் நூறு ரிவெட்டுக்கு உதவாது. ஆயிரத்துக்குப் பிறகு அளவி தேவைப்படாது, ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட ரிவெட்டைக் கழற்றுவதை முதலில் பழகுங்கள், அடிப்பதைப் பிறகு பழகலாம். தலையின் நடுவில் அதே விட்டமுள்ள டிரில்லைத் தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்கி, பஞ்ச் எனப்படும் எஃகுக் குச்சியால் தலையை நெம்பி உடைத்து, உடலை மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். டிரில் கால் மில்லிமீட்டர் விலகினால் துளை முட்டை வடிவாகிவிடும். பிறகு பெரிய ரிவெட் போட வேண்டியிருக்கும். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு தூரத்திலாவது இருக்க வேண்டும் என்பதால், விளிம்பை ஒட்டிய துளையைப் பெரிதாக்கும் சுதந்திரம் உங்களுக்கு இல்லை.

நண்பர்களிடம் துணிந்து கொடுக்கக்கூடியது பிசிறு எடுக்கும் வேலை. ஒவ்வொரு துளையின் இரு புறமும், ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் நகத்தால் தடவினால் தட்டாதபடி இருக்க வேண்டும், ஏனென்றால் உலோகக் களைப்பால் வரும் விரிசல் பெரும்பாலும் அந்தப் பிசிறில்தான் பிறக்கும். அதற்காக அதிகம் சுரண்டினால் மெல்லிய தகட்டில் துளையின் விளிம்பு கத்தி முனையாகிவிடும், அதுவும் கெடுதல். இயற்பியல் ஆசிரியருக்குப் பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன்.

கேட்டதற்கு அப்பால் ஒன்று. எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, மூடப்படவிருந்த ஒரு வால் பாகத்துக்குள் நான் பிடித்த பக்கிங் பார் சரிந்து நான்கு ரிவெட்டுகள் சாய்ந்துவிட்டன. மூன்று தட்டு தட்ட வேண்டிய இடத்தில் வெட்கத்தால் இரண்டு தட்டித் தொலைத்தேன். மறுநாள் மேற்பார்வையாளர் கண்ணாடியும் டார்ச்சுமாக வந்து எடை பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து, முழுத் தகட்டையும் கழற்ற வைத்தார். என்னைத் திட்டவில்லை, அந்த நாள் முழுவதும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சம்பளம் வாங்கிய எனக்கே அந்த வெட்கம் இருந்ததென்றால், பிரியத்துக்காக வந்து உதவும் நண்பருக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். மூன்று தட்டுத் தட்டியவருக்கு அன்றைய காபியை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

பதில்: விஸ்கான்சின் திரும்பியவன்

பெரியவர் சொன்னதுதான் அடிப்படை. அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில், 1953இல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கான ஈ.ஏ.ஏ. சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஒன்றில் நான் இருந்தேன். வேறொருவரின் விமானத்துக்கு இரண்டு குளிர்காலங்கள் கை கொடுத்தேன். அங்கே கற்றவற்றில் உங்களுக்குப் பயன்படுவதை மட்டும் எழுதுகிறேன்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் தேவைப்படும் நாட்கள் மிகக் குறைவு. பெட்டிகள் வந்திறங்கும் நாள் ஒன்று. ஒவ்வொரு பாகத்தையும் பட்டியலோடு ஒத்துப்பார்க்க வேண்டும், ரிவெட்டுகளை எண்ண வேண்டாம், எடை போட்டால் போதும். எரிபொருள் தொட்டியை ஒட்டும் நாள் இன்னொன்று. இரண்டு பாகங்களாகக் கலக்கும் அந்தக் கறுப்புப் பசை கலந்த கணத்திலிருந்து இறுகத் தொடங்கிவிடும் என்பதால், ஒருவர் கலக்க, ஒருவர் பூச, இருவர் ரிவெட் அடிக்க என்று கல்யாண வீட்டுப் பந்தி போல நடக்கும். பசை இறுகிய பிறகு தொட்டியின் ஒரு குழாயில் பலூனை மாட்டி மெல்லக் காற்று நிரப்பி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் பூசி, குமிழ் எழுகிறதா என்று பார்ப்போம். மறுநாள் காலையிலும் பலூன் சுருங்காமல் நின்றதைப் பார்த்து அந்த வீட்டு மனிதர் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டார்.

மற்ற நாட்களில் ஒருவர் அல்லது இருவர் போதும். அப்படியானால் நண்பர்கள் எதற்கு? என் அனுபவத்தில் அவர்கள் கைகளைவிடக் கண்களுக்காகவே தேவைப்பட்டார்கள். விமானத்தில் ஒரு பகுதியைத் தகடு போட்டு மூடுவதற்கு முன், அதைக் கட்டாத ஒருவர் வந்து பார்க்கும்வரை மூடக்கூடாது என்பது எங்கள் கிளையின் வழக்கம். ஈ.ஏ.ஏ.யில் இதற்கென்றே அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்வார்கள், கட்டணம் வாங்க மாட்டார்கள். உங்களுக்கு இங்கே அத்தகைய ஓர் அமைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டாலும், இந்தப் பெரியவரைப் போன்ற ஓய்வுபெற்ற கைகள் பெங்களூரில் இருப்பதுபோல் இந்தியாவில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. 1940இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை இங்கே தொடங்கப்பட்டதிலிருந்து மூன்று தலைமுறைகள் இந்த ஊரில் தகடு வளைத்திருக்கின்றன.

சிறிய பழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். நட்டை முறுக்கு அளவியால் இறுக்கியதும் அதன்மேல் ஒரு வண்ணக் கோடு இடுவார்கள். பின்னாளில் நட்டு நகர்ந்திருந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியவரும் கோடிட்டவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று நாங்கள் வைத்திருந்தோம். விமானியின் ஸ்டிக்கையும் பெடலையும் இறக்கையிலும் வாலிலும் அசையும் பரப்புகளோடு இணைக்கும் தண்டுகள், கம்பிகள், அவற்றின் போல்ட்டுகள் ஆகியவற்றில் இந்த விதியைத் தளர்த்த வேண்டாம். இவற்றில் கடைசி வார்த்தை விமானத்தைப் பறக்கவிடப் போகும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

முழுக் கிட்டையும் ஒரே தவணையில் வாங்க வேண்டாம். வால் பகுதியை மட்டும் தனியாக விற்கும் நிறுவனங்கள் உள்ளன. அதைக் கட்டி முடித்த பிறகும் நால்வரும் பேசிக்கொண்டிருந்தால் இறக்கைக்குப் போங்கள். எஞ்சினையும் கருவிகளையும் கடைசியில் வாங்குங்கள். ஷெட்டில் மூன்று ஆண்டுகள் தூங்கும் எஞ்சினுக்கு உத்தரவாதக் காலம் மட்டும் தூங்காது.

பதில்: எலஹங்கா காற்று

மேலே இருவரும் வேலையைப் பற்றிச் சொன்னார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியது அதுவே. இணையத்தில் பலரும் மேற்கோள் காட்டும் 51 சதவீத விதி, அதாவது விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது, அமெரிக்க விதி. இங்கே உங்கள் விமானத்துக்கு வி.டி. என்று தொடங்கும் பதிவெண்ணும் பறக்கும் அனுமதியும் தர வேண்டியது டி.ஜி.சி.ஏ. எனப்படும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். எந்த மாதிரி, எந்த எடை, எந்த எஞ்சின் என்பதைக் குறிப்பிட்டு, எந்தப் பிரிவில் பதிவு செய்வார்கள், கட்டும்போது எந்தக் கட்டங்களில் யார் ஆய்வு செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பிப் பெட்டிகளை இறக்குமதி செய்ய வேண்டாம்.

மும்பையில் விமானி அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பதிவு கிடைத்தது 2017இல். பறக்கும் அனுமதிக்கு அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. அது அவருடைய சொந்த வடிவமைப்பு, உங்களுடையது பலர் கட்டிப் பறந்த கிட் என்ற வேறுபாடு உண்டு என்றாலும், உங்கள் கால அட்டவணையில் காத்திருப்புக்கு என்று ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இத்தகைய கிட்டுகளில் பலரும் பொருத்தும் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 வகை, 95 ஆக்டேன் கார் பெட்ரோலில் ஓடும் என்பதால் செலவு குறையும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் அதன் தயாரிப்பாளர் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரைதான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. ஆகவே விமான பெட்ரோலையே நம்ப வேண்டியிருக்கும். 100 எல்.எல். எனப்படும் அந்த விமான பெட்ரோல் ரகத்தை இந்தியன் ஆயில் 2022 முதல் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து விற்கிறது. அதில் ஈயம் இருப்பதால் எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் என்ற கணக்கில், இங்குள்ள ஜக்கூர் விமானத் தளத்தின் ஓடுபாதையில் நிற்கும்போதே உங்கள் நூறு குதிரைகளில் ஒன்பது பத்து காணாமல் போயிருக்கும். ஏப்ரல் பிற்பகலில் இன்னும் சில. கிட்டின் கையேட்டில் அச்சிட்டிருக்கும், விமானம் மேலெழும் முன் ஓட வேண்டிய தூரம் கடற்கரை ஊருக்கானது.

கேள்வி கேட்டவர்: ராமமூர்த்தி நகர்க்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து பேசினோம். ஐந்நூறு மணிக் கணக்கைக் கைவிட்டோம், டி.ஜி.சி.ஏ.வுக்கான கடிதத்தை இந்த வாரம் எழுதுகிறோம்; பதில் வரும்வரை கிட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த இடைவெளியில் கழிவுத் தகடுகளில் ரிவெட் பழகலாம் என்பது திட்டம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் துப்பாக்கிச் சத்தத்தை மாலை ஆறு மணியோடு நிறுத்திக்கொள்வதாக அவர்களிடம் சொல்லியாயிற்று. ஃபிட்டர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: எங்கள் முதல் பயிற்சித் துண்டைத் தங்களிடம் கொண்டுவந்து காட்டலாமா?

பதில்: பழைய ஃபிட்டர்

தாராளமாகக் கொண்டுவாருங்கள் தம்பி. இரண்டு தகடுகளை ஒன்றாகச் சேர்த்து இருபது ரிவெட் அடித்து, அதில் ஐந்தைக் கழற்றி மறுபடி அடித்த துண்டாக இருக்கட்டும். எந்த ஐந்து என்று என்னிடம் சொல்ல வேண்டாம், நானே கண்டுபிடிக்கிறேன். தகட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள், அதிலுள்ள கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா போதும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் நான் கோயிலில் இருப்பேன்.