ரேடியேட்டர் வால்வில் பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

இராக்கோழி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஏழு இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது பழைய குமிழ்களைக் கழற்றிவிட்டு ஏழிலும், அறை வெப்பநிலையைப் பார்த்து மோட்டாரால் தானாகத் திறந்து மூடும் ஸ்மார்ட் வால்வு மாட்டினேன். எல்லாம் ஒரே மாடல், ஜிக்பீ (வீட்டுக் கருவிகள் வயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் ரேடியோ), ஒவ்வொன்றுக்கும் இரண்டு டபுள் ஏ ஆல்கலைன் பேட்டரி. பேட்டரி இரண்டு வருடம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியில் போடுவதை எல்லாம் யார் நம்புகிறார்கள், ஒரு குளிர்காலம் தாண்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன், அதுவும் தாண்டவில்லை. ஐந்து வால்வில் மூன்றரை, நான்கு மாதத்தில் பேட்டரி காலி. படுக்கையறை வால்வு ஏழு வாரத்தில் படுத்துவிட்டது, புதிது போட்டேன், மறுபடியும் ஏழே வாரம். குளியலறையில் இருப்பது மட்டும் முதல் நாள் போட்ட பேட்டரியோடு இன்னும் 90 சதவீதம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வேறு கம்பெனி பேட்டரி போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. ரீசார்ஜ் பேட்டரியும் போட்டேன். முழு சார்ஜ் ஏற்றிப் போட்ட அன்றைக்கே 40 சதவீதம் என்றது, மூன்று வாரத்தில் சிவப்பு விளக்கு. இந்தக் கருவிகள் எல்லாம் பேசும் மையக் கருவியான ஹப்பைப் படுக்கையறைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன், அதற்கும் பலன் இல்லை. நேற்று இராத்திரி இரண்டு மணிக்கு அந்த வால்வு மூடிய நிலையிலேயே செத்துப்போய் அறை ஐஸ் பெட்டி ஆகிவிட்டது. போர்வைக்குள் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். வால்வே மட்டமான சரக்கா, இல்லை நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?

அவசரக்குடுக்கை:
லித்தியம் பேட்டரி போடுங்க பாஸ், கதை முடிந்தது. நான் போட்டு ஒரு வருடம் ஆகிறது, இன்னும் 100 சதவீதம் காட்டுகிறது.

திருப்புளி:
தம்பி, அந்த 100 சதவீதத்தை நம்பி வெளியூர் போய்விடாதே. வால்வுக்குள் பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அது பார்ப்பது வோல்டேஜை மட்டும், அதை வைத்து ஒரு குத்துமதிப்பு சதவீதம் போடுகிறது. அந்தக் குத்துமதிப்பு ஆல்கலைனுக்காகப் போட்டது. ஆல்கலைன் புதிதில் 1.6 வோல்ட் அளவில் தொடங்கி, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு தடவைப் பயன்பாட்டு லித்தியம் அப்படி இல்லை, கடைசி வரை 1.5ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று கிணற்றில் விழும். 100, 100, 100, அப்புறம் செத்துப்போச்சு. இன்னொன்று, புது லித்தியம் பேட்டரியில் லோடு இல்லாமல் அளந்தால் 1.8 வோல்ட் வரை காட்டும், இரண்டு சேர்ந்தால் 3.6. உங்கள் வால்வு அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இராக்கோழி, உங்கள் ரீசார்ஜ் பேட்டரிக்கு நேர்ந்ததும் இதே கதைதான், திசை மட்டும் மாற்றி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்பது 1.2 வோல்ட் சரக்கு. இரண்டு போட்டால் 2.4. வயிறு நிறையச் சார்ஜ் இருந்தாலும் வால்வின் கண்ணுக்கு அது பாதி காலியான ஆல்கலைனாகத் தெரிகிறது. பேட்டரியில் பழுது இல்லை, அளவுகோல் வேறு. உள்ளே கன்வெர்ட்டர் வைத்து 1.5 வோல்ட் கொடுக்கிற ரீசார்ஜ் லித்தியம் அயான் ஒன்றும் விற்கிறார்கள். அது தீரும்போது முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று நின்றுவிடும், வால்வு அந்த நேரத்தில் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. கியர் வைத்த மோட்டார், கரண்ட் போனால் தானாகத் திரும்பி வராது. பேட்டரி இறங்குவது தெரிந்ததும் வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போகிற மாடல்கள் இருக்கின்றன, உங்களுடையது அந்த ரகம் இல்லை போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மாடல், ஒரே பேட்டரி, ஆனால் குளியலறை வால்வு மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் சரக்கைத் திட்ட முடியாது. குளியலறையில் மற்ற ஆறிலும் இல்லாதது என்ன, இல்லை மற்ற ஆறில் இருந்து அங்கே இல்லாதது என்ன? அதைச் சொல்லுங்கள்.

இராக்கோழி:
அண்ணே, யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. வால்வு ரேடியேட்டரை ஒட்டியே இருப்பதால் அது காட்டும் வெப்பநிலை எப்போதும் கூடுதலாக இருக்கும் இல்லையா, அதனால் மற்ற அறைகளில் தனியாக ஒரு சென்சார் சுவரில் வைத்திருக்கிறேன். சென்சார் சொல்வதை ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுக் கருவி மென்பொருளில் ஒரு ஆட்டோமேஷன் (தானாக ஓடும் கட்டளை) வால்வுக்கு எழுதிவிடும். குளியலறைக்குச் சென்சார் வாங்கவில்லை, அங்கே வால்வு தன் பாட்டுக்கு ஓடுகிறது. ஆனால் ஒரு எண்ணை அனுப்புவதற்கா இவ்வளவு பேட்டரி போகும்?

திருப்புளி:
அனுப்புவதற்குப் போகாது. ஜிக்பீ ரேடியோ தூங்கும்போது சில மைக்ரோஆம்பியர்தான், விழித்துப் பேசுவது சில மில்லிவிநாடி. எண்ணைக் கேட்டுவிட்டு வால்வு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சென்சார் எத்தனை டிகிரி மாறினால் அறிவிக்கிறது? வால்வு எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்ற பதிவு இருந்தால், ஒரு நாளில் அது எத்தனை தடவை மாறியது என்று எண்ணிப் பாருங்கள்.

இராக்கோழி:
எண்ணிவிட்டேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. சென்சார் 0.1 டிகிரி மாறினாலே அறிவிக்கிறது. படுக்கையறை வால்வு நேற்று ஒரு நாளில் 146 தடவை நகர்ந்திருக்கிறது. கூடத்தில் 131. மற்றவையும் அதே கதிதான். குளியலறை 12.

கணக்குப்பிள்ளை:
இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு டபுள் ஏ ஆல்கலைனில் சுமார் 2500 மில்லிஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டை வரிசையாகப் போட்டிருப்பதால் வோல்டேஜ்தான் இரட்டிப்பு ஆகும், இது அதே 2500தான். வருடத்துக்கு 8760 மணி நேரம். ஒரு வருடம் ஓட வேண்டுமென்றால் சராசரியாக 0.28 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது, பெட்டியில் போட்ட இரண்டு வருடத்துக்கு அதிலும் பாதி.

மோட்டார் ஓடும்போது 100 மில்லிஆம்பியர், ஒரு நகர்வுக்கு 5 விநாடி என்று ஊகமாக வைக்கிறேன், மாடலுக்கு மாடல் மாறும். ஒரு நகர்வுக்கு 0.14 மில்லிஆம்பியர் மணி ஆகிறது. நாளைக்கு 146 தடவை என்றால் 20 வந்துவிடும், 2500ஐ அதால் வகுத்தால் சுமார் 125 நாள், அதாவது நான்கு மாதம். உங்கள் ஐந்து வால்வுக்குக் கணக்கு உட்கார்ந்துவிட்டது பாருங்கள். குளியலறையில் 12 தடவைக்கு நாளைக்கு 1.7, மோட்டார் செலவு மட்டும் என்றால் நான்கு வருடம் ஓடும்.

ஆனால் படுக்கையறை எனக்கு இடிக்கிறது. 146ம் 131ம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கூடம் நான்கு மாதம் தாங்கும்போது அது மட்டும் ஏன் ஏழு வாரம்? அதே நகர்வுக்கு இரண்டு மடங்கு இழுக்கிறது. அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

அவசரக்குடுக்கை:
படுக்கையறை வால்வே பழுது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்க பாஸ்.

பழைய குழாய்:
பேட்டரிக்காரர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், கொஞ்சம் தண்ணீர்க்காரன் பேசட்டுமா. அந்த வெள்ளை டப்பாவைக் கழற்றினால் உள்ளே பித்தளை வால்வில் ஒரு சின்ன பின் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் தண்ணீர் நிற்கும், விட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதை வெளியே தள்ளி வழி திறக்கும். உங்கள் மோட்டார் செய்கிற வேலை இது ஒன்றுதான். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த வால்வில், அதுவும் கோடை முழுக்க மூடியே கிடந்திருந்தால், அந்தப் பின்னில் உப்புப் படிந்து இறுகிவிடும். முன்பு கையால் முறுக்கினீர்கள், உங்களுக்கு அந்த இறுக்கம் தெரியவில்லை. மோட்டாருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டுகிறது, கரண்ட் ஏறுகிறது, நேரமும் ஆகிறது.

சோதிப்பது சுலபம். டப்பாவைக் கழற்றிவிட்டு ஒரு தட்டையான மரத்துண்டால் பின்னை நேராக அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய், கையை எடுத்ததும் துள்ளி வெளியே வர வேண்டும். சோம்பேறியாக வந்தாலோ உள்ளேயே நின்றாலோ அதுதான் உங்கள் திருடன். ஒரு இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்கள், பின் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள், ரப்பர் வளையத்தை அரிக்கிற எண்ணெய் எதையும் விடவேண்டாம். இடுக்கி வைத்துப் பின்னை மட்டும் வெளியே இழுத்துவிடாதீர்கள். பிடுங்கிக்கொண்டு வந்தால் அப்புறம் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட மாட்டீர்கள், துடைப்பான் தேடுவீர்கள்.

ஆறேழு தடவை அழுத்தியும் அசையவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், தெரிந்த ஆளைக் கூப்பிட்டு உள் பாகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

இராக்கோழி:
ஐயா, கும்பிடு போடுகிறேன். கழற்றிப் பார்த்தேன். அழுத்தினால் உள்ளே போனது, வெளியே வர யோசித்தது, நான் பார்த்துக்கொண்டே இருக்க நாலைந்து விநாடி எடுத்து வந்தது. சரியாக முப்பது தடவை அழுத்தி, எண்ணெய் விட்டு, இப்போது துள்ளுகிறது. திரும்ப மாட்டிவிட்டேன். மோட்டார் சத்தமே மாறிவிட்டது, முன்பு கரகரவென்று முனகும்.

திருப்புளி:
நல்லது. மாட்டியதும் அளவெடுக்கும் ஓட்டத்தை ஒரு தடவை ஓட விட்டீர்களா? பின் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வால்வு கற்றுக்கொள்ள வேண்டும். பழைய இறுக்கத்தின் அளவை வைத்துக்கொண்டே ஓடினால் பழையபடி அதிகமாகத்தான் தள்ளும். பேட்டரியைக் கழற்றிப் போட்டால் பெரும்பாலான மாடல்கள் தானாகவே ஓட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேஷனையும் மாற்றுங்கள். வெப்பநிலை 0.3 டிகிரியாவது மாறினால்தான் எழுத வேண்டும், அதுவும் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ரேடியேட்டர் சூடாகவே பத்து பதினைந்து நிமிடம் எடுக்கும், அறை அதற்கும் பின்னால் நடந்துவரும். நிமிடத்துக்கு நிமிடம் குச்சியால் குத்தினால் சமையல் சீக்கிரம் ஆகாது. சில மாடல்களில் சுவர் சென்சாரின் வெப்பநிலை பல மணி நேரம் வரவில்லை என்றால் வால்வு தன் சொந்த சென்சாருக்குத் திரும்பிவிடும், அதனால் மாறாவிட்டாலும் அந்தக் கெடுவுக்குள் ஒரு தடவை அனுப்பச் சொல்லி வையுங்கள்.

இராக்கோழி:
ஓட்டிவிட்டேன், ஆட்டோமேஷனும் மாற்றியாகிவிட்டது. அறை வெப்பநிலை முன்பை விடக் கொஞ்சம் கூடுதலாக ஆடுகிறது, அரை டிகிரி இப்படி அப்படி. வீட்டில் நான் சொல்லும் வரை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அதே இராக்கோழி:
கேட்டுவிட்டு ஓடிப்போகிறவன் இல்லை, சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது நகர்வுகள் நாளைக்கு 15 முதல் 25. படுக்கையறையில் ஐந்தாவது வாரத்தில் முன்பெல்லாம் 2.5 வோல்ட் காட்டும், இன்று 2.98. சதவீதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், வோல்டேஜை மட்டும்தான் பார்க்கிறேன். ஆனால் கூடத்து வால்வு மட்டும் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்குகிறது, 2.8. பின் நன்றாகத் துள்ளுகிறது, நகர்வும் 18தான்.

கணக்குப்பிள்ளை:
மோட்டார் கணக்கில் வரவில்லை என்றால் ரேடியோ. அந்த வால்வு எந்தக் கருவி வழியாக ஹப்போடு பேசுகிறது? வலைப்பின்னல் வரைபடத்தில் பார்க்கலாம்.

இராக்கோழி:
பார்த்தேன். கூடத்து விளக்குக்குப் போட்டிருக்கிற ஸ்மார்ட் பிளக் வழியாக. ஐயோ, புரிந்துவிட்டது. தினமும் இராத்திரி படுக்கும்போது அந்த பிளக் இருக்கிற சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் போகிறோம்.

திருப்புளி:
அதேதான். மின்சாரத்தில் ஓடும் பிளக்கும் பல்பும்தான் ஜிக்பீயில் அஞ்சல்காரர்கள். பேட்டரிக் கருவி தூங்கி எழுந்து தன் அஞ்சல்காரரைத்தான் கேட்கும். நீங்கள் அவரை அணைத்துவிட்டால் வால்வு இராத்திரி முழுக்க விழித்து விழித்துத் தேடும், முழுச் சக்தியில் கத்தும். முன்பு மோட்டார் செலவு பெரிதாக இருந்ததால் இது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள், விளக்கை பிளக்கின் ஆப்பிலிருந்து அணையுங்கள். ஹப்பு கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருந்தால் ஒரு நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள், அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும், ஜிக்பீயும் அங்கேதான் பேசுகிறது.

அவசரக்குடுக்கை:
நானும் என் வால்வு பின்னை அழுத்திப் பார்த்தேன். உள்ளே போனது, வரவே இல்லை. இப்போது என்ன செய்வது?

பழைய குழாய்:
இடுக்கியைக் கீழே வை தம்பி. பித்தளைப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டு, பலமாக வேண்டாம்.

அவசரக்குடுக்கை:
வந்துவிட்டது!

இராக்கோழி:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வால்வு வேண்டாம் என்று துப்பிய பழைய ஆல்கலைன் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, மல்டிமீட்டரில் 1.2, 1.25 என்று காட்டுகிறது. தூக்கிப் போடவா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம், மோட்டாரைத்தான் அதால் தள்ள முடியாது. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடுங்கள், இன்னும் பல மாதம் ஓடும். புதிதோடு மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள், வலுவிழந்த பழைய பேட்டரி முதலில் தீர்ந்து கசிந்துவிடும்.