வீட்டோடு முடங்கிய நாள்களில் ஆண்டவர்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பெரம்பூர்க்காரி:
இடுப்பெலும்பு முறிந்து மூன்றாவது மாதம். லூர்து மாதா கோயில் மணி சன்னலில் கேட்கிறது, போகத்தான் முடியவில்லை. ஞாயிறுதோறும் பங்குக் கோயிலிலிருந்து ஒரு தம்பி நற்கருணை அப்பம் கொண்டுவருவார், நமக்கு அது ஆண்டவரின் உடல். போன வாரம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். என் மடியில் முறம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், விரலெல்லாம் பச்சை. வாக்கரை இழுப்பதற்குள், “எழ வேண்டாம் அம்மா” என்றார். நாவில் வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடினேன், செபம் வரவில்லை. ஆய்ந்த கீரையில் ஒரு காம்பு விழுந்ததே, அதுதான் நினைப்பு. அவர் போனதும் அந்தக் காம்பைத் தேடி எடுத்தேன். எடுத்த கையோடு அழுகை வந்துவிட்டது. ஏனென்று பிடிபடவில்லை. நான் நற்கருணை வாங்கியது முறைதானா?

சாந்தோம் வாசி:
எனக்கு 2020 மார்ச் 27. ஊரடங்கின் மூன்றாம் நாள். இங்கே இரவு பத்தரை, ரோமில் மாலை ஆறு. ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில், மழையில், திருத்தந்தை பிரான்சிஸ். எல்லோரும் பார்த்ததுதான். புயலில் சீடர்கள் பதறும் பகுதியை வாசித்தார்கள். எனக்கு மனதில் நிற்பது அதுவல்ல. நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை உயர்த்தி அவர் ஆசீர் வழங்கியபோது, மூட்டுவலிக்கார அப்பா நாற்காலியை விட்டுத் தரையில் முழங்காலிட்டுவிட்டார். பிறகு எழ முடியவில்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம். எட்டு மாதமாக நானும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். “மெதுவாகத் தூக்குடா” என்றார்.

பழைய உபதேசியார்:
இயேசுவுக்கே புகழ். பெரம்பூர்ச் சகோதரி கேட்டதால் சொல்கிறேன், முறையில்லை. நற்கருணை வருமுன் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட இயேசுவின் சுரூபம் வைத்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். நோயாளிகளுக்கு நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசத்தில்தான் விலக்கு உண்டு, மன ஒடுக்கத்துக்கு இல்லை. படைவீரராக இருந்து புனிதரான லொயோலா இஞ்ஞாசியாரை நினையுங்கள். 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியது. வீட்டில் படுத்த படுக்கை. வாசிக்க வீரக்கதைகள் கேட்டார், கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். எந்த எண்ணம் போன பிறகு மனம் வறண்டது, எது போன பிறகும் இனித்தது என்று கவனித்தார். அதைத்தான் இரவுதோறும் செய்யச் சொல்கிறேன். முதலில் நன்றி, அடுத்து காலை முதல் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, பிறகு மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான தீர்மானம். மூவேளை செபத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். தொலைக்காட்சித் திருப்பலியின்போது கீரை, வெங்காயம் எதையும் தொடாதீர்கள். என் அனுபவம்: அம்மை கண்டபோது கொசுவலைக்குள் செபமாலை சொன்னேன்.

சின்னமலை:
ஐயா, அந்தச் சகோதரி அழுதேன் என்கிறார், நீங்கள் மெழுகுவர்த்தியை எண்ணுகிறீர்கள். சமையலறையில் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று புனிதை அவிலா தெரசம்மாளே எழுதியிருக்கிறார். இஞ்ஞாசியார் கவனிக்கச் சொன்னதும் இதைத்தானே? கீரைக்காம்பை எடுத்தபோது வந்த அழுகையை?

பெரம்பூர்க்காரி:
சண்டை வேண்டாம். உபதேசியார் ஐயா சொன்ன வெள்ளைத் துணி என்னிடமும் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில். எட்டாது.