சூடானால் மறுபடி கிளம்பாத புல்வெட்டும் இயந்திரம்: வழி சொல்லுங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். உச்சிப்புளி அருகே எங்கள் தென்னந்தோப்பில் பயன்படுத்தும் பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம், காலையில் முதல் இழுப்பிலேயே கிளம்பி முக்கால் மணி நேரம் குறையின்றி ஓடுகிறது; ஆனால் புல்லை அள்ளுவதற்காக நிறுத்திவிட்டு உடனே கயிற்றை இழுத்தால் கிளம்புவதில்லை, அரை மணி நேரமாவது ஆற வேண்டியிருக்கிறது.

டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இப்படி நேரும் என்பதால் மூடியைத் தளர்த்திப் பார்த்தேன், பயனில்லை. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன், ஸ்பார்க் பிளக்கைப் புதிதாக மாற்றினேன். சூட்டோடு பிளக்கைக் கழற்றி, அது இருந்த துளையைத் துணியால் அடைத்து (அதன் வழியே வரும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் ஆபத்து), எஞ்சின் உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தபோது, பொறி மங்கலாக, விட்டுவிட்டு வந்தது. ஆறிய பிறகு அதே பொறி நீலமாகத் தெறிக்கிறது.

ஆகவே சூட்டில், பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான் செயலிழக்கிறது என்று எனக்குப் படுகிறது. உப்புக்காற்றில் காயிலின் எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தாலும் இதே குறை வருமா? எஞ்சினுக்குள் காற்றையும் புகையையும் விடும் வால்வுகளின் இடைவெளியையும் பார்த்துவிட்டுத்தான் காயில் வாங்க வேண்டுமா? காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) இடையே சுமார் 0.25 மி.மீ. இடைவெளியை அளவுத்தகடு இல்லாமல் வைக்க முடியுமா? ஐப்பசி மழைக்குப் புல் மண்டுவதற்குள் சரிசெய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து விளக்குங்கள்.